வன்னி வீட்டை நிலநடுக்கத்துக்குத் தயார்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2024 ஜூன் மாதம் ஓர் இரவு வவுனியா, மதவாச்சிப் பக்கம் நிலம் லேசாக அசைந்தது. அளவு 2.3. அலுமாரிக்குள் அடுக்கிய கோப்பைகூட உடையாத அசைவு. ஆனாலும் இப்படி ஒரு செய்தி வந்தால் தேநீர்க் கடையிலிருந்து வைபர் குழு வரை எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: இங்கே பெரிதாக வருமா?

வாய்ப்புக் குறைவு. நிலநடுக்கங்களில் பெரும்பாலானவை புவியோட்டுத் தட்டுகளின் விளிம்புகளில் நடக்கின்றன. இலங்கை இந்தியத் தட்டின் உட்பகுதியில் இருக்கிறது. எங்கள் காலுக்குக் கீழே கிடப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. புவியியலாளர்கள் அதில் ஒரு பிரிவுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் குறைவு என்றால் பூச்சியம் ஆகாது. 1615 ஏப்ரலில் கொழும்பைப் பெரிய நிலநடுக்கம் ஒன்று உலுக்கியதாகப் போர்த்துக்கேயர் காலப் பதிவு இருக்கிறது. இதே இந்தியத் தட்டின் உள்ளே, அசையாது என்று நம்பியிருந்த தக்காணத்தில், 1993 செப்டெம்பர் 30 விடியும் முன் மகாராஷ்டிரத்தின் கிள்ளாரியில் 6.2 அளவில் நிலம் குலுங்கியது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். மண் சாந்தில் அடுக்கிய தடித்த கற்சுவர், அதன் மேல் பாரமான கூரை, உள்ளே நித்திரையில் சனம். அவ்வளவுதான் அங்கே நடந்தது.

ஆகவே பயந்து நித்திரை கெட வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டையும் வளவையும் சுற்றிப் பார்த்துச் சில வேலைகளைச் செய்தால் போதும். அவற்றில் பாதி வெள்ளத்துக்கும் சூறாவளிக்கும் உதவும். வன்னியில் அவை நிச்சயம் வருகிறவை. பொதுவான துண்டுப்பிரசுரங்களில் இல்லாத மூன்று விடயங்கள் எங்களுக்கு உண்டு: போர்க்காலத்தில் ஷெல்லுக்குப் பழகிய உடம்பு, முல்லைத்தீவுக் கடல், தலைக்கு மேல் நிற்கும் குளங்கள். அவற்றை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

1. முதலில் வீடு எந்த வகை என்று பாருங்கள்

நிலம் குலுங்கும்போது என்ன செய்யவேண்டும் என்பதை முடிவு செய்வது வீடுதான்.

கிடுகோ தகரமோ போட்ட கொட்டில் என்றால் கவலை குறைவு. கூரை விழுந்தாலும் உயிர் போகிற பாரம் இல்லை. காற்றுக்குப் பறக்காமல் இருக்கத் தகரத்தின் மேல் கல்லும் பழைய ரயரும் ஏற்றி வைத்திருந்தால் மட்டும் இறக்கிவிடுங்கள். அவை குலுக்கத்தில் உருண்டு விழும். காற்றுக்கும் அது சரியான காவல் இல்லை. தகரத்தைக் கைமரத்தோடு ஆணியும் கம்பியும் கொண்டு பிடிப்பதே காவல்.

சீமெந்துக் கல்லில் கட்டிய ஓட்டு வீடுதான் இன்று வன்னியில் அதிகம். 2009இல் போர் முடிந்த பிறகு வீட்டுத்திட்டங்களில் எழுந்தவை இவை. இந்திய வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் பெரும்பாலானவை வடக்கு, கிழக்கில்தான் கட்டப்பட்டன. காசு கட்டம் கட்டமாக வரும், கட்டுவது வீட்டுக்காரரின் பொறுப்பு. அதனால் ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு வீடுகள்கூடப் பலத்தில் ஒன்றாக இருக்காது. மேசன் யார், கல் எங்கே அரிந்தது, சீமெந்து விலை ஏறிய மாதத்தில் கலவையில் எவ்வளவு போட்டார்கள் என்பதெல்லாம் சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இந்த வீடுகளுக்குத்தான்.

வவுனியா, கிளிநொச்சி நகரங்களில் தூணும் பீமும் வைத்த மாடி வீடுகள் இருக்கின்றன. அவற்றில் கீழ்த்தளம் முழுவதும் கடைக்கு விட்டு, முன்பக்கம் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் நின்றால் ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டுவது நல்லது.

2. வெளியே நின்று வீட்டைச் சுற்றி வாருங்கள்

முதலில் லிண்டல். கதவு, யன்னலுக்கு மேலே போகும் கொங்கிறீட் பீம் வீட்டின் எல்லாச் சுவர்களையும் சுற்றி ஒரே வளையமாகப் போகிறதா, அல்லது யன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக நிற்கிறதா? கடகத்தின் வாயைச் சுற்றிப் பொத்துவதுபோல, அந்த வளையம்தான் நான்கு சுவர்களையும் ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் குலுக்கத்தில் ஒவ்வொரு சுவரும் தன் பாட்டில் ஆடி, மூலையில் பிரிந்து, வெளியே சாயும். கட்டி முடித்த வீட்டில் இதைச் சேர்ப்பது பெரிய வேலை. ஆனால் அறையோ குசினியோ புதிதாக இறக்குகிறவர்கள் தயவுசெய்து இந்த ஒரு செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள். தரைக்கு மாபிள் பிறகும் போடலாம். இன்னும் மூன்று விடயங்கள்: யன்னலைச் சுவர் மூலையிலிருந்து 2 அடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். கட்டிய சுவரைக் குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றி நனையுங்கள். கல் வாங்கும்போது ஆணியால் கீறிப் பாருங்கள். மண்ணாக உதிர்ந்தால் அந்த லோட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது முகடு வரை முக்கோணமாக எழும் பக்கச் சுவர். ஓட்டு வீடுகளில் மிகவும் பலவீனமான இடம் இது. உயரமாக, மெல்லியதாக, மேலே எதனோடும் இணைக்கப்படாமல் தனியே நிற்கும். பூசாத வீடுகளில் இன்னும் மோசம். முகட்டு வளையையும் பக்க வளைகளையும் அந்தச் சுவரோடு இரும்புப் பட்டியால் பிணைத்துவிடச் சொல்லி மேசனிடம் கேளுங்கள். ஒரு நாள் வேலை. அதுவரை அந்தச் சுவருக்கு அருகில் கட்டில் போடவேண்டாம், உள்ளேயும் வெளியேயும்.

பிறகு ஓடு. ஒரு ஓடு ஏறக்குறைய 2 கிலோ. அது 10 அடி உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. முழுக் கூரையையும் கழற்றத் தேவையில்லை. வாசல்களுக்கு மேலே, தாழ்வாரத்தில் வரும் இரண்டு மூன்று வரிசைகளைச் சலாகையோடு கம்பியால் கட்டிவிடுங்கள். நீங்கள் வெளியே ஓடும் வழி அதுதான். கறையான் தின்ற சலாகையும் கைமரமும் இருந்தால் மழைக்கு முன் மாற்றுங்கள்.

தண்ணீர்த் தாங்கியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டும். 1,000 லீற்றர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன். அதை நான்கு கல்தூண்களின் மேல், அதுவும் குசினி வாசலுக்கு நேராக ஏற்றி வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. குலுக்கத்தில் உள்ளே தண்ணீர் அலைபாயும். மேலே பாரம், கீழே மெல்லிய கால். முதலில் விழுவது அதுவாகத்தான் இருக்கும். கல்லை அடுக்கி எழுப்பிய தூண் என்றால் கம்பி வைத்த கொங்கிறீட் தூணாக்கி, தூண்களைக் குறுக்குப் பீமால் இணையுங்கள். அல்லது உயரத்தைக் குறையுங்கள். வீட்டிலிருந்தும் மதிலிலிருந்தும் தள்ளி வைக்க இடம் இருந்தால் இன்னும் நல்லது. வன்னியில் காணிக்குப் பஞ்சமில்லை.

மதில்: நீளமாகத் தூண் இல்லாமல் போகும் கல் மதிலின் ஓரமாகப் பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்று பாருங்கள். கிணறு: கட்டுக் கிணற்றின் வாய்ச்சுவர் வெடித்திருந்தால் திருத்துங்கள். கட்டாத பூவலுக்கு வேலியும் மூடியும் போடுங்கள். தென்னையும் பனையும் வீட்டை நோக்கிச் சாய்ந்திருந்தால் குலை, காவோலை விழும் வட்டத்தை மனதில் குறித்து வையுங்கள். வெளியே ஓடும்போது அங்கே நிற்கக்கூடாது.

3. உள்ளே செய்யவேண்டியது

நீங்கள் படுக்கும் இடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே பாருங்கள். கண்ணில் படுவது எதுவும் தலையில் விழலாம். பரணில் ஏற்றி வைத்த உரப்பை, நெல் மூட்டை, தையல் மெசின், வெண்கலப் பானை எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். உயரமான அலுமாரியை எல் வடிவ இரும்புப் பிடியால் சுவரோடு பூட்டுங்கள். சுவர் உதிர்கிற கல் என்றால் அலுமாரியைப் படுக்கும் அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். தொலைக்காட்சியைக் கட்டிவிடலாம். சாமிப்படங்களும் மாலை போட்ட படங்களும் தலைமாட்டுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தோடு தொங்குவது எங்கள் வீடுகளில் வழக்கம். எடுக்கச் சொன்னால் அம்மம்மா விடமாட்டா. எடுக்கத் தேவையில்லை, எதிர்ச் சுவருக்கு மாற்றினால் போதும்.

காஸ் சிலிண்டரைச் சங்கிலியாலோ கயிற்றாலோ சுவரோடு சேர்த்துக் கட்டி, ரெகுலேற்றரை மூடுவது எப்படி என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கும் சேர்த்து. விறகு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி மண் எப்போதும் இருக்கட்டும். மண்ணெண்ணெய்க் கானும் களைநாசினிப் போத்தலும் தரையோடு, பூட்டிய பெட்டியில். மெயின் சுவிச் எங்கே என்று தெரியாத பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். ஒருமுறை அணைத்துக் காட்டுங்கள்.

வாசற்கதவுக்குப் பின்னால் சைக்கிளோ நெல் மூட்டையோ வேண்டாம். இரவில் உள்ளே பூட்டும் வீடுகளில் திறப்பு எப்போதும் ஒரே ஆணியில் தொங்கட்டும்.

செயற்கைக் கால் போட்டவர்கள் வீட்டில் இருந்தால், காலும் ஊன்றுகோலும் இரவில் கட்டில் காலோடு லேசான முடிச்சில் கட்டியிருக்கட்டும். குலுக்கத்தில் அவை அறையின் மறு மூலைக்குப் போய்விட்டால் இருட்டில் தேடமுடியாது. கண் தெரியாதவருக்கும் படுக்கையில் இருப்பவருக்கும் யார் பொறுப்பு என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

4. பை

இதைப் பற்றி வன்னிச் சனத்துக்குப் பாடம் எடுப்பது கொஞ்சம் வெட்கமான வேலை. உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கையோடு வைத்திருப்பது இங்கே ஒரு தலைமுறையின் பழக்கம். ஆனால் அந்தப் பைகள் இப்போது அலுமாரிக்குள், பூட்டின் பின்னால் போய்விட்டன. வெளியே எடுங்கள். காணி அனுமதிப்பத்திரம், அஸ்வெசும (அரச நலன்புரி உதவி) ஆவணம், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி ஆகியவற்றையும் சேருங்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் ஓர் உறவினருக்கு அனுப்பி வையுங்கள்.

தண்ணீர் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் என்று 3 நாளுக்கு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 60 லீற்றர், அதாவது 20 லீற்றர் கான் மூன்று. கிணறு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். குலுக்கத்துக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் கலங்கும், சில வேளை இறங்கியும் போகும்.

சாப்பாட்டுக்குச் சமைக்காமல் தின்னக்கூடியவை வேண்டும்: அவல், புழுக்கொடியல், பிஸ்கட், பேரீச்சம்பழம், டின் மீன், சீனி, குழந்தைக்குப் பால்மா. ரோச் லைற், மாற்றுப் பற்றரி, பற்றரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ, போன் சார்ஜ் பண்ணும் பவர் பாங்க், விசில். விசில் சின்ன விடயமாகத் தெரியும். ஆனால் இடிபாட்டுக்குள் இருப்பவர் கத்திக் களைத்துப்போவார், விசில் ஊத முடியும். மருந்துப் பெட்டியில் பண்டேஜ், தொற்றுநீக்கி, ஜீவனிப் பொட்டலம், பிரஷர் குளிசை, சீனி வருத்தத்துக்கான மருந்து ஒரு கிழமைக்கு. இன்சுலின் போடுகிறவர்கள் மின்சாரம் போனால் ஈர மண்ணில் வைத்த மண்பானைக்குள் அதை வைக்கலாம்.

காலுக்குச் செருப்பும் ஒரு ரோச்சும் ஒவ்வொருவர் கட்டிலுக்குக் கீழும் இருக்கட்டும். நிலநடுக்கத்துக்குப் பிறகு சாதாரணமாக வரும் காயங்களில் ஒன்று, இருட்டில் வெறுங்காலோடு கண்ணாடித் துண்டில் மிதிப்பது.

5. யார் யாரைத் தேடுவது

வளவில் ஓர் இடத்தைக் குறியுங்கள். வீட்டின் உயரத்தைவிடக் கூடுதலான தூரத்தில், மின்கம்பியும் தாங்கியும் மரமும் இல்லாத இடம். அங்கே எல்லோரும் கூடவேண்டும். இரண்டாவது இடம் ஊருக்குப் பொதுவானதாக இருக்கட்டும்: கோயில் வீதி, பாடசாலை மைதானம், சேர்ச் முற்றம். பற்றைக் காட்டுப் பக்கத்தை வெறுவெளி என்று நம்பி ஓடவேண்டாம். மிதிவெடி அகற்றி முடிக்காத இடங்கள் வன்னியில் இன்னும் உண்டு. சிவப்பு மண்டையோட்டுப் பலகை எங்கே நிற்கிறது என்பது பிள்ளைகளுக்கு இருட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய அனர்த்தத்தில் உள்ளூர் அழைப்புகள் நெருக்கடியில் சிக்கும், குறுஞ்செய்தி போய்விடும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவரைத் தொடர்புப் புள்ளியாக வையுங்கள். வவுனியாவில் படிக்கும் மகளும் முல்லைத்தீவில் இருக்கும் தகப்பனும் ஒருவரை ஒருவர் தேடி நூறு தரம் அடிக்காமல், ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்கு ‘நான் சுகம், இன்ன இடத்தில் நிற்கிறேன்’ என்று ஒரு செய்தி போட்டால் போதும். செய்தி பார்த்துப் பதறி எப்படியும் அவர்தான் எல்லோருக்கும் அடிக்கப்போகிறார். அந்தப் பதற்றத்துக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

இலக்கங்களைச் சுவரில் எழுதுங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, தீயணைப்பு 110. கூடவே உங்கள் கிராம உத்தியோகத்தரின் இலக்கமும்.

6. குலுங்கும்போது

ஷெல் அடித்த காலத்தில் வளர்ந்த உடம்பு சத்தம் கேட்டவுடன் இரண்டில் ஒன்றைச் செய்யும்: வெளியே பாய்ந்து பங்கருக்குள் இறங்கும், அல்லது நின்ற இடத்திலேயே குப்புற விழும். அந்த ஆபத்துக்கு இரண்டுமே சரி. ஷெல் துண்டு கிடையாகப் பறக்கிறது, தரையோடு தரையாகக் கிடந்தால் மேலால் போய்விடும். நிலநடுக்கத்தில் ஆபத்து மேலிருந்து நேராகக் கீழே வருகிறது. நீட்டி நிமிர்ந்து கிடந்தால் விழுகிற ஓட்டுக்கு உடம்பு முழுவதையும் காட்டுகிறோம். ஆகவே முழங்காலில் குந்தி, உடம்பைச் சுருக்கி, தலையையும் கழுத்தையும் மூடவேண்டும். பழைய பங்கரோ கிடங்கோ எந்த நிலையிலும் வேண்டாம். மண் சரிந்து மூடும்.

பலமான மேசை இருந்தால் அதன் கீழே போய் ஒரு காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை நகர்ந்தால் கூடவே நகருங்கள். மேசை இல்லையா? யன்னலும் அலுமாரியும் இல்லாத உட்சுவர் ஓரமாகக் குந்தித் தலையணையால் தலையை மூடுங்கள். கதவு நிலைக்குள் நிற்கச் சொல்வார்கள். இன்றைய வீடுகளில் நிலை சுவரைவிடப் பலமானதல்ல, கதவு அடித்து விரல் போகும்.

வெளியே ஓடுவதா இல்லையா? கொங்கிறீட் வீட்டில், மாடியில் இருந்தால் ஓடாதீர்கள். படியில் ஓடும்போதுதான் விழுவீர்கள். ஆனால் மண் சுவர் வீட்டிலோ, வளைய லிண்டல் இல்லாத ஓட்டு வீட்டிலோ, வாசலுக்கு நாலைந்து எட்டில் நின்று, வெளியே வெறும் முற்றம் இருந்தால் முதல் அசைவிலேயே போய்விடுங்கள். அந்த மாதிரி வீடு சரிந்தால் மேசை காப்பாற்றாது. போகும்போது தலையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்திலோ விறாந்தையிலோ நின்று திரும்பிப் பார்க்காதீர்கள். உள்ளறையில் இருந்தால் இந்த ஓட்டம் உங்களுக்கு இல்லை. இருக்கிற இடத்திலேயே தலையை மூடுங்கள். எந்த அறையிலிருந்து எதைச் செய்வது என்று முன்பே பேசி, ஒருமுறை பிள்ளைகளோடு செய்து பாருங்கள். அந்த நேரத்தில் யோசிக்க வராது.

சக்கர நாற்காலியில் இருப்பவர் பிரேக்கைப் பூட்டி, முன்னுக்குக் குனிந்து, கைகளால் கழுத்தை மூடவேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் மின்கம்பிக்கும் மரத்துக்கும் தள்ளி நிறுத்தி அங்கேயே நிற்கவேண்டும். பாடசாலையில் பிள்ளைகள் மேசைக்குக் கீழே. பெரும்பாலான நிலநடுக்கங்களில் பலமான குலுக்கம் ஒரு நிமிடத்துக்குள் முடியும். அது மிக நீண்ட நிமிடமாக இருக்கும்.

7. குலுக்கம் நின்ற பிறகு

செருப்பைப் போடுங்கள். காயம் பாருங்கள். காஸ் மணந்தால் சுவிச் எதையும் தொடாமல், நெருப்புக் குச்சி உரசாமல், ரெகுலேற்றரை மூடி யன்னலைத் திறந்து வெளியே போங்கள். மணம் இல்லாவிட்டால் மெயின் சுவிச்சை அணையுங்கள். அடுப்பில் நெருப்பிருந்தால் மண்ணைப் போடுங்கள். பிறகு எல்லோரும் குறித்த இடத்துக்கு. பட்டியில் கட்டிய மாட்டை அவிழ்த்துவிடலாம், ஆனால் வெடித்த சுவருக்குள் ஆட்டைத் தேடிப் போகாதீர்கள்.

பின்னதிர்வுகள் வரும், சில நாட்களுக்கும் வரலாம். முதல் குலுக்கத்தில் வெடித்து நின்ற சுவரை இரண்டாவது வீழ்த்தும். அதனால் வெளியே படுக்க நேரிடும். வன்னியில் வெளியே படுப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நிலத்தில் பாய் போடாமல் கட்டிலில், நுளம்பு வலையை மெத்தைக்குக் கீழே செருகிப் படுங்கள். இரவில் நிலத்தில் படுப்பவர்களைத்தான் பாம்பு தேடி வந்ததுபோல் கடிக்கும். இடிபாட்டுக் கல்லைப் புரட்டும்போது கையால் புரட்டாமல் தடியால் புரட்டுங்கள். புடையனுக்கு அது நல்ல ஒளிப்பிடம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை வரும் இடங்களில் தனித்தனியாகப் படுக்காமல் அயல் சேர்ந்து, வெளிச்சத்தோடு படுக்கவேண்டும். நெல்லையும் பழத்தையும் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கலங்கியிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரீன் போட்ட பிறகு பாவிக்கலாம்.

சத்தமும் அதிர்வும் சிலருக்குப் பழையதை எல்லாம் கிளப்பும். பிள்ளை மட்டுமல்ல, ஐம்பது வயது ஆளும் அழலாம், நடுங்கலாம், வீட்டுக்குள் வரமாட்டேன் என்று நிற்கலாம். ‘இதுக்கெல்லாம் பயமா’ என்று கேட்காதீர்கள். நித்திரை வராமல் வாரக்கணக்கில் நீடித்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

8. கடற்கரைக்கு மட்டும் தனியாக

2004 டிசெம்பர் 26 காலை, அப்போதைய இலங்கை நேரப்படி 6.58க்கு, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. அளவு 9.1. அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரமும் முல்லைத்தீவில் சனம் வழமையான ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு அப்போது ஓர் எச்சரிக்கை ஏற்பாடே இல்லை.

இப்போது இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே கடலில் 8.6 அளவில் நிலம் குலுங்கியபோது எச்சரிக்கை வந்தது, சனம் கரையை விட்டு வெளியேறியது. தட்டுக்குள்ளேயே பாறைகள் பக்கவாட்டில் உரசிய நிலநடுக்கம் அது. கடலடி பெரிதாக மேலே எழும்பவில்லை, பெரிய அலை வரவில்லை. ‘சும்மா ஓட வைத்தார்கள்’ என்று பிறகு சலித்துக்கொண்டவர்கள் உண்டு. பத்துத் தரம் சும்மா ஓடுவதில் நட்டம் ஒன்றுமில்லை.

கரையில் இருப்பவர்கள் நினைவில் வைக்கவேண்டியது இதுதான்: அலையை அனுப்பும் நிலநடுக்கத்தை உங்கள் கால் உணராமலே போகலாம். ஆகவே ரேடியோ, சைரன், 117, அயலவரின் செய்தி ஆகியவற்றில் எது முதலில் வந்தாலும் போதும். நீண்ட நேரம் நிலம் ஆடினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, கடலிலிருந்து பேரிரைச்சல் கேட்டாலோ எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காதீர்கள். கடல் வற்றிய இடத்தில் மீன் பொறுக்கப் பிள்ளைகள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஓடுவது? இங்கே ஏறுவதற்கு மலை இல்லை, ஆகவே தூரம்தான். முல்லைத்தீவு நகரம், கள்ளப்பாடு பக்கம் இருப்பவர்கள் தண்ணீரூற்று, முள்ளியவளைத் திசைக்குப் போகவேண்டும். வட்டுவாகல் பாலத்தைத் தெரிவு செய்யாதீர்கள். அது நந்திக்கடலின் வாயைத் தாண்டும் தாழ்வான, ஒடுங்கிய பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர். பாலத்துக்கு அப்பால் முள்ளிவாய்க்கால் பக்கம் இருப்பவர்கள் புதுக்குடியிருப்பை நோக்கிப் போகவேண்டும். கடலுக்கும் களப்புக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் வீடு உள்ளவர்கள் எந்தப் பாதையில் வெளியேறுவது என்பதை இன்றே சைக்கிளில் ஓடிப் பாருங்கள், இரவில் ஒருமுறையும். நேரமே இல்லாவிட்டால் பலமான கொங்கிறீட் கட்டடத்தின் மேல்மாடி கடைசி வழி. கடலில் நிற்கும் படகுகள் கரைக்கு வராமல் ஆழத்துக்கே போகவேண்டும்.

முதல் அலை பெரியதாக இருக்கவேண்டும் என்றில்லை. அலைகள் மணிக்கணக்கில் வரும். அதிகாரிகள் போகலாம் என்று சொல்லும்வரை வீட்டைப் பார்க்கத் திரும்பாதீர்கள்.

9. குளத்துக்குக் கீழே இருப்பவர்கள்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, பாவற்குளம் என்று வன்னி குளங்களின் கீழே வாழ்கிற நாடு. எல்லாம் மண் கட்டு. 2018 டிசெம்பரில் இரணைமடு நிறைந்து கதவுகள் திறந்தபோது கீழே வெள்ளத்தில் என்ன ஆனது என்று கிளிநொச்சிச் சனத்துக்குத் தெரியும். நன்றாக இறுக்கிய மண் கட்டு சின்னக் குலுக்கத்தைத் தாங்கும். ஆனால் மாரியில் குளம் நிறைந்து நிற்கும்போது குலுங்கினால், குலுக்கம் நின்றவுடன் யாராவது கட்டைப் பார்த்துவரவேண்டும்.

பார்க்கவேண்டியவை: கட்டின் நீளத்துக்கு ஓடும் வெடிப்பு, கட்டின் மேல் திடீரென்று தாழ்ந்த இடம், துருசை (தண்ணீர் திறந்துவிடும் மதகை) சுற்றிய கசிவு, கட்டின் வெளி அடிவாரத்தில் ஊறும் தண்ணீர். ஊறும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அவதானிக்கலாம். கலங்கலாக வந்தால் கட்டுக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். கீழே உள்ள குடும்பங்களை உடனே எழுப்புங்கள், அதிகாரிக்கு அடிப்பது அதோடு சேர்த்து. பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், சின்னக் குளங்களுக்குக் கமநல சேவை நிலையம். கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில், யார் கட்டைப் பார்ப்பது, இரவில் எப்படிச் சொல்வது, கோயில் மணியா ஒலிபெருக்கியா என்று முடிவு செய்துவிடுங்கள். ஓடும்போது வான் (குளத்தின் மேலதிக நீர் வழியும் இடம்) பாயும் வழியை விட்டு, பக்கவாட்டில் மேட்டுக்குப் போகவேண்டும்.

10. வீட்டுக்குள் திரும்பலாமா

பூச்சில் மயிரிழையாக ஓடும் வெடிப்புக்குப் பயப்படவேண்டாம், அதில் பாதி முன்பே இருந்திருக்கும். அதனால்தான் இப்போதே ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வைப்பது நல்லது; பிறகு எது பழையது, எது புதியது என்று தெரியும். யன்னல் மூலையிலிருந்து சரிவாகவோ குறுக்குக் குறியாகவோ ஓடும் வெடிப்பு, பென்சில் நுழையும் அகலம், இரண்டு சுவர் சேரும் மூலை பிரிவது, சுவர் வயிறு தள்ளுவது, கதவு திடீரென்று இறுகுவது, வளை சுவரிலிருந்து நழுவியிருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே படுக்காதீர்கள். அஸ்பெஸ்டஸ் சீற் உடைந்திருந்தால் தண்ணீர் தெளித்து, வாயை ஈரத் துணியால் மூடிக்கொண்டு அள்ளுங்கள்.

இடிந்ததை அள்ளுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, கொடுத்த திகதியை எழுதி வாங்கி, ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள். திருத்துவதா இடித்துக் கட்டுவதா என்பதில் மேசனின் வார்த்தையோடு நிற்காமல், பிரதேச செயலகம் வழியாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தையோ கேளுங்கள். திருத்தும்போது வெடிப்பைப் பூசி மறைத்துவிட்டு மேலே பெயின்ற் அடிக்கும் வேலைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கூரையைக் கழற்ற வேண்டிவந்தால், ஓடு திரும்ப ஏறுவதற்கு முன் சுவர்த் தலையைச் சுற்றி ஒரு வளையப் பீம் போட்டுவிடச் சொல்லுங்கள்.